செத்த பொட்டலம் பயிர் வளர்க்காது

ஆடிக் கிருத்திகைக் காவடிகள் திருத்தணி மலையேறும் காலம், சுற்றுப்புறத்து மானாவாரிக் கொல்லைகளுக்கு விதைப்புக் காலம். வேர்க்கடலை, பயறு, காராமணி விதைப்பவர் முதலில் கடன் வாங்கி உரக்கடைக்கு ஓட வேண்டும் என்பது தலைவிதியா? அல்ல என்கிறது விஞ்ஞானம்.

காற்றில் 100க்கு 78 பங்கு தழைச்சத்து. அதைப் பயிர் நேராக உண்ண முடியாது. ரைசோபியம் என்ற நுண்ணுயிர், பயறு வகைகளின் வேரில் குடியேறி, அந்தச் சத்தைப் பயிருக்கு ஏற்ற உணவாக்கித் தருகிறது. பதிலுக்குப் பயிர் அதற்கு உணவளிக்கிறது. கடலை பிடுங்கும் பெண்கள் வேரில் காணும் சிறு முண்டுகள் நோயல்ல. அவையே இந்த நுண்ணுயிரின் பட்டறைகள். ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் இதை நிரூபித்தனர். 1888இல் ஹாலந்தின் பெய்யரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். இதே வேலையை யூரியா ஆலையில் செய்ய எரிவாயுவும் கடும் வெப்பமும் பேரழுத்தமும் வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு அதன் செலவை விளக்க வேண்டியதில்லை.

இந்த நுண்ணுயிர் வேளாண்மை விரிவாக்க மையங்களில் உயிர் உரமாகக் கிடைக்கிறது. ஒரு ஹெக்டேர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூச்சிமருந்துடன் சேர்த்துக் கலக்கக் கூடாது. எந்தப் பயிருக்கு உரியது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இது மந்திரமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். மணிச்சத்துக் குறைந்த மண்ணில் முண்டு சரியாக வராது. யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் வராது. தகுந்த நுண்ணுயிர் ஏற்கெனவே நிறைந்த மண்ணில் பலன் குறைவாகவே தெரியும்.

ஆனால் பெரிய ஆபத்து வேறு. இது உயிருள்ள சரக்கு. 2006இல் உரக் கட்டுப்பாட்டு உத்தரவின் கீழ் உயிர் உரங்கள் கொண்டுவரப்பட்டன. பொடியானால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. தகரக் கூரையின் கீழ் வெயிலில் வெந்த பொட்டலத்தில் அவை மடிகின்றன. பொட்டலத்தின் நிறமும் மாறாது, எடையும் குறையாது. ஏமாறுபவன் குத்தகை விவசாயி. "இதெல்லாம் வீண்" என்று அவன் மீண்டும் கடனுக்கு யூரியா வாங்குவான். கெட்டது சரக்கு, பழியோ விஞ்ஞானத்தின் மேல்!

ஆகவே நாம் கோருவது மூன்று. விதைப்புக்கு முன்பே உயிர் உரம் மையங்களுக்கு வந்து சேர வேண்டும். நிழலான, குளிர்ந்த அறையில் அதை வைக்க வேண்டும். மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை விவசாயிகள் அறியும்படி மையத்தின் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. காலாவதித் தேதி பார்க்காமல் பொட்டலம் வாங்காதீர்கள். விதைத்து ஒரு மாதம் கழித்து, நாலைந்து செடிகளை மண்ணோடு பெயர்த்து, முண்டுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் உழைக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் உழைக்கவில்லை. எழுத்தறியாதவரும் செய்யக்கூடிய சோதனை இது. கிராமம் கிராமமாகச் செய்து குறித்து வையுங்கள். அந்தக் கணக்கோடு பத்துப் பேர் சேர்ந்து மையத்தின் படியேறிக் கேட்டால், அதிகாரிகள் பதில் சொல்லியே தீர வேண்டும்.

காற்று எவர் பெயரிலும் பட்டாவாகவில்லை. அதிலுள்ள சத்து ஏழையின் கொல்லைக்கும் வந்து சேரட்டும்!