டி.ஜே.வுக்கு முன்பணம் கொடுக்குமுன்...

அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தியின் திருமண விருந்துக்குச் சென்றிருந்தேன். அழைப்பிதழில் மாலை மணி 7.00 என்றிருந்தது, மணமக்கள் மண்டபத்தினுள் நுழைந்தபோது மணி 9.00. அது நமக்குப் பழகிப்போன ஒன்றுதான். என் உள்ளத்தைச் சுட்டது அதன்பின் நடந்தது.

மணமகளை வளர்த்து ஆளாக்கியவர் அவளுடைய பாட்டி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பேத்தியைப் படிக்க வைத்தவர். அவரை வாழ்த்துரைக்க அழைத்தார்கள். நடுங்கும் கையில் ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவது வாக்கியத்தில் குரல் தழுதழுக்க, சற்றே நின்றார். பேச்சு முடிந்துவிட்டது என எண்ணிய டி.ஜே., குத்துப்பாட்டு ஒன்றை முடுக்கிவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பாட்டி ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அவர் சொல்ல வந்ததைக் கேட்கும் பேறு அந்த மண்டபத்தில் எவருக்கும் வாய்க்கவில்லை.

அந்த இளைஞரை நான் குறைகூற மாட்டேன். அது அவருடைய பிழைப்பு. குற்றம் நம்முடையது. சமையற்காரரிடம் உப்பு, காரம் வரை பேசுகிறோம். சேலைக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். டி.ஜே.யிடம் மட்டும் விலையைக் கேட்டு முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, விருந்து முழுவதையும் அவர் கையில் ஒப்படைத்துவிடுகிறோம். இது முறையா?

"மகிழ்ச்சியான நாளில் பிள்ளைகள் ஆடிப்பாடினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். ஆடட்டும்! உறுமி முழக்கத்திற்கு ஆடிய சமுதாயம்தானே நாம்? ஆனால், எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள்? அன்று என் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், குடியைப் போற்றும் பாடலொன்றை ஓரெழுத்தும் பிசகாமல் பாடி ஆடினான். பெற்றோர் கைப்பேசியில் படம்பிடித்து மகிழ்ந்தனர். அதே மாணவனுக்கு வகுப்பில் ஒரு திருக்குறளை மனனம் செய்ய ஒரு வாரம் ஆகிறது. அவனிடம் ஆற்றல் இல்லாமலில்லை. நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ அதைத்தான் பிள்ளை கற்கிறது.

ஒலியளவையும் எண்ணிப் பாருங்கள். பணியிடப் பாதுகாப்புக் கணக்கின்படி 85 டெசிபல் ஒலியைச் செவி ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியானால், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்! நாமோ கைக்குழந்தைகளோடு ஒலிபெருக்கியின் அருகில் அமர்ந்து மணிக்கணக்கில் உண்கிறோம். பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் உறவினர்கள், ஒரே மேசையில் அமர்ந்தும் சைகையால் பேசிக்கொள்கிறார்கள். மொய் கொடுத்துவிட்டு, நலம்கூட விசாரிக்காமல் வீடு திரும்புகிறார்கள். இதற்குப் பெயர் விருந்தோம்பலா?

டி.ஜே. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பணம் கொடுக்குமுன் நான்கு செய்திகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்கிறேன். ஒன்று, ஒலிக்க வேண்டிய பாடல்கள், ஒலிக்கவே கூடாத பாடல்கள். நம் நாட்டுக் கலைஞர்களின் நல்ல பாடல்களுக்கும் அதில் இடம் கொடுங்கள். இரண்டு, உணவு பரிமாறும் நேரத்தில் மெல்லிசை மட்டுமே. மூன்று, பெரியோர் வாழ்த்தும்போது, குடும்பத்தார் ஒருவர் கைகாட்டும்வரை எந்த ஒலியும் எழக்கூடாது. நான்கு, ஆட்டம் பாட்டமெல்லாம் உணவுக்குப் பின்னரே. முதியோரும் குழந்தைகளும் விடைபெற்றுச் செல்ல வழி இருக்க வேண்டும்.

இவற்றை எழுத ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும். ஆசிரிய நண்பர்களே, பெற்றோர் சந்திப்பு நாளில் இதைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுங்கள்.

பாட்டுகளை மறுநாளும் கேட்கலாம். அந்தப் பாட்டியின் மூன்றாவது வாக்கியத்தை யார் திரும்ப ஒலிக்கச் செய்வார்?