கண்ணாடியா, சாளரமா?

கொடும்பிணியாளரின் கண்களில் கருவியொன்றை அணிவித்துக் காட்டையும் கடலையும் காட்டும் மெய்நிகர் காட்சிமுறை அவர்தம் துயர் தணிக்கும் என்பர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், நவீனத்தின் அடையாளமாக அதனை இங்கும் கொணர வேண்டும் என்போரிடம் ஒரு வினா உண்டு: மரமும் வானமும் மறைந்த மாநகருக்கு வேண்டுவது, கடல் சூழ்ந்த மன்னாருக்கும் முதன்மைத் தேவையாமோ?

1984இல் றொஜர் உல்றிச் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நோக்கற்பாலது. பென்சில்வேனிய வைத்தியசாலையொன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றோருள், சாளரத்தினூடே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரிலும் விரைவில் வீடு திரும்பினர். கடும் வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இப்பயனை நல்கியது வெறுஞ் சாளரமே.

வங்காலைப் பூநாரைகளையும் பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் படமாக்குதல் எளிது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகம வரை சென்று, எழ இயலாது கிடக்கும் மன்னார் மீனவனுக்கு அப்படம் துணையாகலாம். ஆனால் ஊர் மீண்டபின், கடற்காற்றுப் படும் விறாந்தையும், வேம்பின் நிழலும், வலிதீர்க்கும் மருந்தும், அருகிருந்து கைபற்றும் உறவும் அவனுக்கு உரியன. இவற்றை வழங்காது கண்ணாடி அணிவித்தல், பசித்தவனுக்குச் சோற்றின் சித்திரத்தைக் காட்டுதலை ஒக்கும். முதலிற் சாளரங்களைத் திறப்போம். கருவிகள் பின்னர் வரட்டும்!