வெண்மணிக்கு ஏன் போகிறோம்?

மார்கழி மழையில் மரக்காணத்து அளங்கள் வெள்ளக்காடாகக் கிடக்கும். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாது. தண்ணீர் வடிந்து, பாத்தி மிதித்து, மறுபடி உப்பு பூக்கும்வரை எங்களுக்கு வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்தப் பட்டினிக் காலத்தில்தான் டிசம்பர் 25 வருகிறது. கைமாற்று வாங்கியாவது பஸ் ஏறுகிறோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தெற்கே போய், கீழ்வேளூர்ப் பக்கம் கீழவெண்மணியில் இறங்குகிறோம்.

"எரிந்துபோன ஒரு குடிசையைப் பார்க்க இத்தனை தூரமா? பழைய புண்ணைக் கிளறி என்ன லாபம்?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், பதில் இருக்கிறது.

அது ராமையாவின் குடிசை. 1968 டிசம்பர் 25 இரவு, துப்பாக்கியோடு வந்த மிராசுதார் கூட்டத்துக்குப் பயந்து, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அதற்குள் புகுந்துகொண்டார்கள். கூரைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கரிக்கட்டையானார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். சேரியிலே செங்கொடி ஏற்றினார்கள். அதை இறக்கிவிட்டு, நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கொடியை ஏற்றச் சொன்னபோது மறுத்தார்கள்.

பிறகு கோர்ட்டு. 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு, இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் கூட்டாளிகள் சிலருக்கும் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு அத்தனை பேரையும் விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள், தோழர்களே! குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்களாம். நிறைய நிலம் உள்ளவர்களாம். ஒருவரிடம் காரே இருந்ததாம். அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கஷ்டமாம்! கார் வைத்திருப்பவன் கையில் தீப்பெட்டி இராது என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் மட்டும் கூலிகளுக்குத் தண்டனை கிடைத்தது. கூலிக்காரன் கொலை செய்வான் என்பதை நம்புவதில் யாருக்கும் கஷ்டமே இருக்கவில்லை!

இந்த வெட்கக்கேட்டை அந்த ஆண்டிலேயே மைதிலி சிவராமன் உலகறிய எழுதினார். இன்னொரு பக்கம், பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் கொடுமைக்குக் காரணம் தேடிய 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977-ல் சாகித்ய அக்காதெமி பரிசு கிடைத்தது. அரைப்படி நெல்லைவிட அது அவர்களுக்குச் சுவாரசியமாக இருந்திருக்கிறது.

வெறும் கூலித் தகராறு என்று சிலர் சொல்கிறார்கள், வெறும் சாதிக் கொடுமை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஏன் பிரிக்க வேண்டும்? கூலி கேட்டவன் சேரிக்காரனாக இருந்ததால்தான் குடிசையோடு கொளுத்தத் துணிந்தார்கள். சேரிக்காரன் நிமிர்ந்து கூலி கேட்டதால்தான் துப்பாக்கி எடுத்தார்கள்.

1980-ல் நாயுடு கொல்லப்பட்டதோடு கணக்குத் தீர்ந்தது என்று பேசுவோரும் உண்டு. அந்தக் கோபம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒருவன் தலை உருண்டதால் எந்த வயலில் ஒரு படி கூலி ஏறியது? 1969-ல் கணபதியா பிள்ளை கமிஷனும் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன என்றால், அது 44 பேர் வெந்த பிறகும் கொடியை இறக்காத சங்கத்துக்குப் பயந்து வந்தது.

இப்போது அங்கே குடிசை இல்லை. 44 பெயர்கள் பொறித்த தியாகிகள் சின்னம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அளத்துப் பெண்கள் அந்தப் பெயர்களை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உரக்க வாசிக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சு எங்கள் கணக்குக்கு வந்துவிடும். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணம் ரூ.5,000 என்று 2022-ல் சர்க்கார் அறிவித்தது. அதுவும் சங்கங்கள் கேட்டு வாங்கியதுதான். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து அவ்வளவே! நாள் கணக்குப் போட்டால் ஒரு குடும்பத்துக்கு அறுபது ரூபாய்கூட வரவில்லை. தை பிறந்து பாத்தி மிதிக்க இறங்குமுன் இந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கப் போகிறோம்.