முதலில் திரை, பிறகுதான் அட்டை



கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்து மாணவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளி வாயிலில் ஒரு தந்தை என்னை நிறுத்தினார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு பயில்கிறாள். மூத்த மகனும் எங்கள் பள்ளியில் பயின்றவன்தான். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் இருக்கிறான்.

“சார், பெரியவன் கணினிக்கு ஏதோ கார்டு வேண்டும் என்கிறான். இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகுமாம். வாங்கித் தரவில்லை என்று பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையிலேயே அது வேண்டுமா சார்? இல்லை, எனக்குத் தெரியாது என்று ஏமாற்றுகிறானா?”

அவர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். இரண்டாயிரம் ரிங்கிட் என்பது அவருக்குப் பல வாரங்களின் மிகைநேர உழைப்பு. ‘விளையாட்டுக்கெல்லாம் செலவு செய்யாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு நான் நடந்திருக்கலாம். ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால், “ஏமாற்றுகிறானா?” என்ற அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. மகன் கேட்பது என்னவென்று தந்தைக்குப் புரியவில்லை. தந்தைக்குப் புரியும்படி சொல்ல மகனுக்குத் தெரியவில்லை. இடையில் நிற்பது பணமன்று, மொழி.

மறுநாள் சனிக்கிழமை அவர்கள் வீட்டிற்குச் சென்றேன்.

கணினியைப் பார்த்தேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், இல்லிருப்புக் கற்றலுக்காக வாங்கியது. உள்ளே இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 என்ற வரைகலை அட்டை. 2019இல் வெளிவந்த எளிய அட்டை அது. கடைக்காரர் ‘கிராபிக்ஸ் கார்டு’ என்பார். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். விளையாட்டின் ஒவ்வொரு காட்சியையும் நொடிக்குப் பல முறை வரைந்து திரைக்கு அனுப்பும் உறுப்பு அது. திரையோ, யாரோ கொடுத்த பழைய 22 அங்குலத் திரை.

“என்ன விளையாடுகிறாய் தம்பி?” என்று கேட்டேன். “பெரும்பாலும் வேலரண்ட், சார்” என்றான். விளையாடிக் காட்டச் சொன்னேன். நொடிக்கு எத்தனை காட்சிகள் வரையப்படுகின்றன என்ற எண் திரையின் ஓரத்தில் தெரிந்தது. 140, 150, சில நேரங்களில் அதற்கும் மேல். பழைய அட்டை பாவம், ஓடியாடி உழைத்துக்கொண்டிருந்தது!

அந்தத் திரை நொடிக்கு எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கும் தெரியுமா? 60 முறை மட்டுமே. அட்டை 150 காட்சிகளை வரைந்தாலும், பையனின் கண்ணுக்கு முழுதாகக் கிடைப்பது 60தான். இரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்துப் புதிய அட்டை வாங்கி அது 300 காட்சிகளை வரைந்தாலும், அந்தத் திரை காட்டப்போவது அதே 60தான். சின்னக் குழாயின் வாயை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டுவதைப் போன்றது இது.

பையன் தந்தையை ஏமாற்றவில்லை. அவனே ஏமாந்துகொண்டிருந்தான்.

ஆறாம் ஆண்டுக் கணக்கு

இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்குத்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடைவெளி 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் அது 6.9. குறைவது ஏறத்தாழ 10 மில்லிநொடி. கண்ணும் கையும் உணரும் வேறுபாடு. 240 ஹெர்ட்ஸ் திரையில் இடைவெளி 4.2. அதாவது, 144இலிருந்து 240க்குத் தாவினாலும் கிடைப்பது 3 மில்லிநொடிக்கும் குறைவே. பெட்டியின் மேல் எண் பெரிதாகிக்கொண்டே போகும். பயன் சுருங்கிக்கொண்டே வரும்.

அடுத்தது பெருக்கல். முழு எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, மொத்தம் 2,073,600 படப்புள்ளிகள். 2560 பெருக்கல் 1440 திரையில் 3,686,400. 4கே எனப்படும் 3840 பெருக்கல் 2160 திரையில் 8,294,400. முழு எச்டியைவிட இது சரியாக நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளுக்கும் வண்ணம் தீட்ட வேண்டியது அட்டைதான். விற்பனையில் கழிவு கிடைக்கிறது என்று 4கே திரையை வாங்கி, அதை எளிய அட்டையோடு இணைத்தால், கனமான விளையாட்டுகளில் அட்டை திணறும். பிறகு ‘அட்டை போதவில்லை அப்பா’ என்ற அடுத்த வேண்டுகோள் வரும்.

ஆக, என் கருத்து இதுதான். முதலில் திரையை முடிவு செய்ய வேண்டும். அந்தத் திரைக்கும், பிள்ளை உண்மையில் விளையாடும் விளையாட்டுக்கும் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுக்கு மட்டும் அட்டை வாங்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நண்பனிடம் எந்த அட்டை இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள்.

திரையை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டை சில ஆண்டுகளில் பின்தங்கிவிடும். நல்ல திரை அதைவிட நெடுங்காலம் உழைக்கும். அடுத்த கணினிக்கும் உதவும். அட்டையால் பயன்பெறுபவன் பெரும்பாலும் விளையாடுபவன் மட்டுமே. திரையிலோ தங்கை பாடம் படிக்கலாம். அம்மா கணக்குப் பார்க்கலாம். விளையாட்டுக்காக வாங்கினாலும் அது குடும்பத்தின் பொருளாகிறது.

என் வீட்டுக் கதை

இதையெல்லாம் எழுதும் நான் எல்லாம் அறிந்தவன் அல்லன். 2021இல் என் மகனுக்கு 144 ஹெர்ட்ஸ் திரை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதங்கள் கழித்து அவனுடைய நண்பன் ஒருவன் வீட்டிற்கு வந்து, “அங்கிள், இது இன்னும் 60இலேயே ஓடுகிறது” என்றான். திரை புதியது, விண்டோஸில் அமைப்பை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. திரை அமைப்புப் பகுதிக்குள் சென்று 144 என்ற எண்ணைத் தேர்ந்தெடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ‘கேள்வியை முழுமையாகப் படித்துவிட்டு விடை எழுதுங்கள்’ என்று வகுப்பில் நாள்தோறும் சொல்லும் நான், திரையோடு வந்த கையேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை!

அதனால், வாங்கிய பிறகு இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, இந்த அமைப்பு. மற்றொன்று, திரையின் கம்பி வரைகலை அட்டையின் துளையில் செருகப்பட்டுள்ளதா என்பது. தாய்ப்பலகையின் துளையில் செருகிவிட்டு, ‘புதிய அட்டை வேலை செய்யவில்லை’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. பழைய எச்டிஎம்ஐ இணைப்புகள் உயர்ந்த ஹெர்ட்ஸைத் தாங்குவதில்லை. ஆகையால் டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது.

அட்டைதான் வேண்டும் என்றால்

எல்லாப் பிள்ளைகளுக்கும் திரை மட்டுமே போதும் என்று சொல்லமாட்டேன். புதிய, கனமான விளையாட்டுகளை விளையாடுபவனுக்கும், காணொலித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு என்று கற்றுக்கொண்டிருப்பவனுக்கும் நல்ல அட்டை தேவைப்படலாம். அப்போது பெற்றோர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022இல் 8 ஜிகாபைட் நினைவகத்தோடு ஓர் அட்டை வந்தது. 2024இல் அதே பெயரில் 6 ஜிகாபைட் அட்டை வந்தது. நினைவகம் மட்டும் குறையவில்லை. கணிக்கும் கருக்களும் 2560இலிருந்து 2304ஆகக் குறைந்தன. பெட்டியில் பெயர் அதேதான்! 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அட்டையும் 8, 16 ஜிகாபைட் என இரு வகைகளில் விற்கப்பட்டது. அட்டையின் நினைவகம் போதாமல் போனால், விளையாட்டு நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும். முழு எச்டி திரையில் எளிய விளையாட்டுகளுக்கு 8 ஜிகாபைட் போதும். 1440 வகைத் திரையும் புதிய பெரிய விளையாட்டுகளும் என்றால் அதற்கு மேல் இருப்பது நல்லது. இணைய அங்காடியில் விலை மிகக் குறைவாகத் தெரிந்தால், முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, மின்வழங்கி. யாரும் பார்க்காத பெட்டி இது. ஜிடிஎக்ஸ் 1650 எடுத்துக்கொள்வது 75 வாட். தாய்ப்பலகையிலிருந்தே அது கிடைத்துவிடும் என்பதால், அவ்வட்டைகளில் பலவற்றுக்குத் தனி மின்கம்பிகூடத் தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ எடுத்துக்கொள்வது 180 வாட். அதற்கு 600 வாட் மின்வழங்கி வேண்டும் என்று தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். நான் சென்ற வீட்டிலிருந்தது பெயர் தெரியாத 400 வாட் பெட்டி. ஆக, பையன் கேட்ட இரண்டாயிரத்துக்கு மேல் இன்னொரு செலவும் மறைந்திருந்தது. அதை அவனும் அறிந்திருக்கவில்லை.

மூன்றாவது, பழைய அட்டைகள். 2021இல் மின்னாணயம் தோண்டுவதற்காக வரைகலை அட்டைகளைக் குவித்து இரவும் பகலும் ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், அவ்வட்டைகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழையதெல்லாம் கெட்டதில்லை, ஆனால் கண்முன்னே ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர் விளையாட்டுக்குத் துணைபோகலாமா?

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைக்கு விளையாட்டுக் கணினி எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எத்தனை மணி நேரம் விளையாடலாம், எந்த நாளில் விளையாடலாம் என்பதைப் பெற்றோர் உறுதியாகச் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால், வீட்டில் ஏற்கெனவே கணினி இருக்கிறது. பிள்ளை ஏற்கெனவே விளையாடுகிறான். ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லால் அந்த வீட்டில் நின்றுபோனது விளையாட்டன்று, பேச்சு. மறுபக்கம், ‘இந்தா, வாங்கிக்கொள்’ என்று பணத்தை நீட்டும் பெற்றோரும் உள்ளனர். இரண்டு வழியிலும் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. தனக்கு வேண்டியதை அளந்து பார்க்கவும், காரணம் காட்டிக் கேட்கவும் அவனுக்கு வேறு எங்கே பயிற்சி கிடைக்கும்?

அன்று அந்தப் பையனிடம் ஒரு வேலை கொடுத்தேன். “உனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், எவ்வளவு ஆகும், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று ஒரு பக்கம் எழுது. தமிழில் எழுது. உன் அப்பா படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.” ஆரம்பப்பள்ளியில் எத்தனையோ கட்டுரை எழுதியவன்தான். இருந்தாலும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். எழுத எழுத அவனுக்கே விடை தெரிந்துவிட்டது. அட்டையின் பெயரை அடித்துவிட்டு, 24 அங்குல, 144 ஹெர்ட்ஸ் முழு எச்டி திரை என்று எழுதியிருந்தான். ஐந்நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. மீதிப் பணம் தந்தையின் சேமிப்பிலேயே இருக்கிறது.

பையனுக்கு முழு நிறைவு என்று சொல்லிவிட முடியாது. நண்பன் வீட்டில் மின்னும் அந்த அட்டை இன்னும் அவன் கண்ணுக்குள் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம் என்று தந்தை சொல்லியிருக்கிறார். அப்போதும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது உடன்பாடு.

சென்ற வாரம் அந்தத் தந்தையை மீண்டும் பள்ளி வாயிலில் கண்டேன். “சார், 16.7, 6.9 என்று என்னவோ கணக்குப் போட்டுக் காட்டினான். எனக்குப் பாதிதான் புரிந்தது” என்று சிரித்தார். “ஆனால், பத்து நாளாகப் பேசாதவன் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினான் சார்.”

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை ‘கார்டு வேண்டும்’ என்று வந்து நின்றால், விலையைக் கேட்பதற்கு முன் அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமருங்கள். “உன் திரை எத்தனை ஹெர்ட்ஸ்?” என்று கேளுங்கள். அங்கிருந்து பேச்சு தொடங்கட்டும்.