வாழைத்தண்டு வைத்தியர்களுக்கு

காலையில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் ஜிப்பாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மண்ணில் விளைந்தது எதுவும் மனுசனைக் கெடுக்காது, கிட்னி ஃபெயிலியருக்கு வாழைத்தண்டுச் சாறே போதும் என்பார். தொகுப்பாளினி தலையாட்டுவார். பல வருஷமாக ஆள்தான் மாறுகிறார், வசனம் மாறவில்லை.

கல்லடைப்புக்குச் சொன்ன பக்குவத்தைத் தூக்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர் தலையில் கட்டுகிறார்கள். கல் வந்தவருக்குச் சிறுநீர் பிரிகிறது. குடித்த தண்ணீர் வெளியே போகும். டயாலிசிஸ்காரருக்குப் போக வழியேது? பெரும்பாலும் முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. காபியும் ரசமும்கூட அதற்குள் அடக்கம். “நாளுக்கு மூன்று லிட்டர்” உபதேசத்தைக் கேட்டுவிட்டு எடை மெஷினில் ஏறுபவரை நர்ஸ் ஒரு பார்வை பார்ப்பார். அதை ஜிப்பாக்காரர் ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு? விலைதான் வேறு, உள்ளே இருப்பதில் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடு.

இளநீர். ஒரு டம்ளரில் சுமார் 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம். டயாலிசிஸ் செய்பவர்களில் பலருக்கு நாள் முழுக்கச் சாப்பிடுவதில் 2,000, 2,500-க்கு மேல் போகாதீர்கள் என்று சொல்லியிருப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் பல நேரம் வலியோ காய்ச்சலோ எதுவும் காட்டாது. நேராக இதயத்தில் கைவைக்கும்.

சரி, “மண்ணில் விளைந்தது கெடுக்காது” என்ற மூலமந்திரத்துக்கு வருவோம். கேரளத்தில் வீட்டுக் கொல்லைகளில் இரும்பன்புளி மரம் நிற்கும். தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மீன்குழம்பில் போடுவார்கள், ஊறுகாயும் போடுவார்கள். அதுவரை வம்பில்லை. கொலஸ்ட்ரால் குறையும் என்று யாரோ கிளப்பிவிட, சாறு பிழிந்து குடித்தார்கள். ஐந்து மருத்துவமனைகளில் சேர்ந்த பத்துப் பேரின் கதை 2013-இல் இந்திய சிறுநீரகவியல் இதழில் வந்தது. காயிலிருந்த ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து, ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. கொல்லையில் பறித்த காய் ஐயா, கெமிக்கல் கம்பெனியில் வாங்கியதல்ல!

அதன் பங்காளி நட்சத்திரப் பழம். இப்போது சூப்பர் மார்க்கெட்டில் பளபளவென்று அடுக்கி வைக்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர் அளவாகத் தின்றால் பொதுவாக ஒன்றும் ஆகாது. டயாலிசிஸ்காரர் தின்றால் விக்கலில் ஆரம்பிக்கும், நிற்காத விக்கல். பிறகு மனக்குழப்பம், வலிப்பு, இறந்தவர்களும் உண்டு. அதிலிருந்த நரம்பு நஞ்சை 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காரம்பாக்சின் என்று பெயர் வைத்தார்கள். யாருக்குக் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்தா மரம் காய்க்கிறது?

வெள்ளைச் சோறு விஷம், கேழ்வரகுக்கு மாறுங்கள் என்கிறார்கள். தீட்டிய அரிசியில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கேழ்வரகில் இருப்பதைவிடக் குறைவு. சத்தெல்லாம் போய்விட்டதே என்பார்கள். டயாலிசிஸ்காரருக்குப் போக வேண்டியதே அந்தச் சத்துதான்! காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதே என்பதும் இங்கே தலைகீழ். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். ருசி கொஞ்சம் குறையும். எலுமிச்சை பிழிந்து, மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் இறங்கும்.

கடைசியாக, பருப்பையும் முட்டையையும் தொடவே கூடாது என்ற மிரட்டல். டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்வது உண்மை. தொடங்கிவிட்டால் கதை மாறுகிறது: கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும். அதனால்தான் டாக்டரே முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்கிறார். பயந்துபோன வீட்டில் அதையும் நிறுத்திவிட்டு, மனுஷன் ஏன் இப்படித் துரும்பாகிவிட்டார் என்று ஜோசியம் பார்க்கிறார்கள்.