பீஸுக்கு உள்ள கணக்கு விரலுக்கு இல்லை

கார் உதிரிபாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப்களில் ஒரே கோளாறு இரண்டு விதமாக வெளிப்படும். பவர் பிரஸ்ஸின் கிளட்ச் தேய்ந்துபோனால், பெடலை ஒரு முறை மிதித்தாலும் மேல் டை இரண்டு முறை இறங்கிவிடும். டபுள் ஸ்ட்ரோக் என்பார்கள். அந்த இரண்டாவது அடி விழும்போது உள்ளே தகடு மட்டும் இருந்தால் பீஸ் ரிஜெக்ட். கை இருந்தால் விரல் போகும். ரிஜெக்ட் ஆன பீஸுக்குக் காரணம் தேடத் தரப் பிரிவு இருக்கிறது. எந்த மெஷின், எந்த ஷிப்ட், கடைசியாகப் பராமரிப்பு நடந்தது எப்போது என்று துருவுவார்கள். விரல் போனதற்கான விசாரணையோ பல இடங்களில் ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. இதைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டிருப்பது பெரும் அநியாயம்.

ஏனென்றால், தர நிர்வாகத் துறை ‘கவனக்குறைவு’ என்ற விளக்கத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது. தொழிற்சாலைப் பிரச்சினைகளில் 94 சதவீதம் அமைப்பிலிருந்து வருபவை, அவை நிர்வாகத்தின் பொறுப்பு என்று கணித்தவர் தர நிர்வாக முன்னோடி எட்வர்ட்ஸ் டெமிங். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ பரப்பிய ‘போக்கா யோக்கே’ முறையும் அதே வழிதான்: மனிதர் தவறுவார், தவறினாலும் பழுதான பீஸ் வெளியே போகாதபடி இயந்திரத்தை அமை. இரண்டு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும் பிரஸ்ஸும், கை குறுக்கே வந்தால் நிறுத்தும் சென்சாரும் இதே சிந்தனையின் பிள்ளைகள். ஆனால், ஹரியானாவின் குருகிராம், மானேசர் பகுதிகளில் காயமுற்ற தொழிலாளர்களிடம் பேசி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள், சென்சார் இல்லாத, இருந்தும் வேலை செய்யாத பவர் பிரஸ்களில் விரல்கள் நசுங்குவதைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்கின்றன.

பீஸுக்கும் விரலுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்குக் காரணம், கேட்பதற்கு ஆள் இருப்பதும் இல்லாததும்தான். பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை பழுது என்று கார் நிறுவனம் மாதாமாதம் கேட்கிறது; எண் கெட்டால் ஆர்டர் போய்விடும். கார் துறைத் தரத்துக்கான ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் இல்லாத சப்ளையரைப் பல நிறுவனங்கள் உள்ளேயே விடுவதில்லை. விரலைப் பற்றிக் கேட்க வேண்டியது சட்டம். ஆனால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பாதுகாப்பு அதிகாரியைப் பொதுவாக 1,000 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களுக்குத்தான் கட்டாயமாக்கியது. ஐம்பது பேர் கொண்ட பட்டறை அந்த வரம்புக்குள் வரவே வராது. ஆகவே, தரத்தைக் கேட்கும் அதே கார் நிறுவனம், சப்ளையருக்கு இடும் அதே மதிப்பெண் பட்டியலில் காயங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தரத்துக்கான ஐஎஸ்ஓ 9001, பணியிடப் பாதுகாப்புக்கு 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 ஆகிய தரநிலைகள் இரண்டும் ஒரே கட்டமைப்பில் எழுதப்பட்டவை. ஒன்றோடு ஒன்றை இணைப்பது கடினமல்ல.

இணைத்தால் பாதுகாப்பும் வெறும் எண்ணாகச் சுருங்கிவிடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். 2005இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். தனிநபர் காய விகிதம் குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டு, ஆலையின் பழுதான கருவிகளை நிர்வாகம் கவனிக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது. எனவே காயங்களை மட்டும் எண்ணினால் போதாது. விரல் தப்பிய டபுள் ஸ்ட்ரோக்கையும் எண்ண வேண்டும். அதைச் சொல்லும் தொழிலாளிக்கு வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். பயம் இருக்கும் இடத்தில் உண்மையான எண் கிடைக்காது என்பதும் டெமிங் சொன்னதே.

கட்டுப்படியாகாது என்பது அடுத்த வாதம். 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் பொறுப்பேற்ற பால் ஓநீல், லாபத்தை விடுத்துப் பாதுகாப்பையே முதல் இலக்காக அறிவித்தார். காயத்தால் வேலைநாள் இழக்கும் விகிதம் 100 பேருக்கு 1.86இலிருந்து 2000 வாக்கில் 0.2 ஆகக் குறைந்தது, லாபமும் பெருகியது. அந்த லாபம் முழுவதும் பாதுகாப்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்பு அதைக் கெடுக்கவில்லை. அல்கோவாவின் வசதி சிறு பட்டறைக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் எஃகு விலை ஏறினால் பீஸ் விலையைத் திருத்தித் தரும் வழக்கம் கார் நிறுவனங்களிடம் இருக்கிறது. கிளட்ச் மாற்றும் செலவுக்கும் சென்சார் செலவுக்கும் அந்த விலைப் பேச்சில் ஒரு வரி சேர்க்கட்டும். சேர்த்தபின், இரவு ஷிப்டில் போய் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும்.