போர் பார்த்தவர் சமாதானம் பேசலாமா?

பட்டாளத்தில் இருந்தவர் வாயில் சமாதானப் பேச்சு வந்தால், நம்மில் பலருக்குப் பிடிப்பதில்லை. "இவருக்கு என்ன வந்தது?" என்று கேட்கிறார்கள்.

அட்மிரல் ராமதாசையும் இப்படித்தான் கேட்டார்கள்.

அவர் சாதாரண ஆள் அல்ல. இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். 1990 நவம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை அந்தப் பதவியில் இருந்தார். பெண்கள் கடற்படையில் அதிகாரிகளாகச் சேர வழி திறந்தது அவர் காலத்தில்தான்.

வங்கக் கடலில்

1971-ம் ஆண்டு டிசம்பர். பாகிஸ்தானுடன் யுத்தம். 'விக்ராந்த்' என்ற விமானம் தாங்கிக் கப்பல் வங்கக் கடலில் நின்றது. அதற்குத் துணையாகச் சென்ற போர்க்கப்பல்களில் ஒன்று 'பியாஸ்'. அந்தக் கப்பலுக்குத் தலைவர் ராமதாஸ்.

கடல் வழியை நமது கப்பல்கள் அடைத்துவிட்டன. கிழக்கு வங்காளத்தில் இருந்த பாகிஸ்தான் படைக்குத் தப்பிக்க வழி இல்லை. 16-ந் தேதி அது சரண் அடைந்தது. ராமதாசுக்கு 'வீர் சக்ரா' விருது கிடைத்தது.

இப்படிப்பட்டவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

ஓய்வு பெற்ற பிறகு, பம்பாய்க்கு எதிர்க்கரையில், அலிபாக் பக்கம் ஒரு கிராமத்தில் குடியேறினார். பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. இரு நாட்டு மக்களும் சந்தித்துப் பேச வேண்டும் என்று பாடுபட்ட சங்கத்தில் சேர்ந்து உழைத்தார்.

1998 மே மாதம் இந்தியா அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. அதே மாதக் கடைசியில் பாகிஸ்தானும் வெடித்தது. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். ராமதாஸ் மட்டும், "இது பாதுகாப்பு அல்ல, ஆபத்து" என்ற கட்சியில் நின்றார்.

அவர் கட்சியில் நியாயம் இருக்கிறது. டில்லிக்கும் லாகூருக்கும் இடையே எவ்வளவு தூரம்? ஏவுகணை சில நிமிஷத்தில் போய்விடும். தவறாக ஒரு செய்தி வந்தால், விசாரித்துப் பார்க்க நேரம் ஏது? வீட்டுக்குள் ஓடி ஒளிந்தாலும் அணுகுண்டு விடாது. வடக்கே அடிக்கும் காற்று நாடு பார்த்து அடிப்பதும் இல்லை.

ஆனால் ஒன்று. பேச்சு மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. 2008 நவம்பரில் கராச்சியில் இருந்து கடல் வழியாக வந்த பத்துப் பேர் பம்பாயில் 166 பேரைக் கொன்றார்கள். காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டின. கப்பலும் வேண்டும், காவலும் வேண்டும். காவல் இருக்கும்போதே பேசவும் வேண்டும். இரண்டையும் செய்த மனிதர் என்பதால்தான் ராமதாஸ் சொல்லுக்கு எடை அதிகம்.

2004-ம் ஆண்டு அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். தனியாக அல்ல. பாகிஸ்தான் பத்திரிகையாளர் ஐ.ஏ. ரஹ்மானும் அவரும் சேர்ந்து பெற்றார்கள்.

2024 மார்ச் 15-ந் தேதி, 90-வது வயதில், ஐதராபாத்தில் ராமதாஸ் காலமானார்.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியும் ஜூலை முதல் தேதியும் இரு சர்க்கார்களும் தங்கள் சிறையில் உள்ள மற்ற நாட்டவர் பட்டியலைக் கொடுத்துக்கொள்கின்றன. அதில் பலர் ஒற்றர்கள் அல்ல. எல்லை தெரியாமல் வலை போட்ட மீனவர்கள்.